சிறுநீரக நோயாளி வீட்டில் கிச்சாப்பையும் கரண்டியால் அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் சமையல் குறிப்புகளைத் தோட்டப்புறங்களில் பலர் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். மிளகாய்த்தூள் எத்தனை கரண்டி, எண்ணெய் எத்தனை கரண்டி என்று அவற்றில் கணக்கு இருக்கிறது. உப்புக்கு மட்டும் "தேவையான அளவு" என்று போட்டுவிடுகிறார்கள். கிச்சாப் எனப்படும் சோயா சாஸுக்கும் சிப்பி சாஸுக்கும் "சிறிது". சிறுநீரகம் பழுதுபட்ட ஒருவர் இருக்கும் வீட்டில் இந்த அளவில்லாத அளவுதான் கெடுதல் செய்கிறது. இனி வரும் குறிப்புகளில் உப்பையும் சாஸ் வகைகளையும் தேக்கரண்டிக் கணக்கில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இப்படிக் கேட்பதற்கான காரணத்தையும், அதுவரை வீட்டில் என்ன செய்யலாம் என்பதையும் விளக்கமாகவே எழுதுகிறோம்.

நம் மலேசிய நாட்டுப் பெரியவர்களில் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் 2011இல் 9.07 விழுக்காடு, 2018 ஆய்வில் அது 15.48 விழுக்காடு. சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பது இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களிடையே இனிப்பு நீர் 31.4 விழுக்காடாக இருந்தது. மற்ற இனங்களைவிட இதுவே அதிகம். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இந்தப் புள்ளிவிவரத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. டயாலிசிஸுக்குப் போகும் ஒருவராவது இல்லாத தெரு குறைவு.

இந்த வீடுகளில் அதிகம் கேட்கும் பேச்சு, "குழம்பில் உப்பே போடுவதில்லை, அப்படியும் கால் வீங்குகிறது" என்பது. பொய் சொல்வதில்லை, குழம்பில் உண்மையிலேயே உப்பைக் குறைத்திருப்பார்கள். ஆனால் கோழியைப் பொரிக்குமுன் கிச்சாப்பில் ஊறவைத்திருப்பார்கள். கீரையைச் சிப்பி சாஸ் ஊற்றிப் பிரட்டியிருப்பார்கள். சூப்பில் கோழிச் சுவைக்காகப் போடும் சூப்புக் கட்டி ஒன்று கரைந்திருக்கும். பக்கத்தில் பெலாச்சான் (இறால் விழுது) சேர்த்த மிளகாய்ச் சம்பல், மேலே பொரித்த நெத்திலி, ஓரத்தில் ஊறுகாய், அப்பளம். உப்பு டப்பாவைத் திறக்காமலே ஒரு நாளின் உப்பு முழுவதும் அந்தத் தட்டில் வந்து சேர்ந்துவிடும்.

கணக்கைப் பார்ப்போம். உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். 5 கிராம் உப்பு என்றால் சோடியம் 2,000 மில்லிகிராம். தூள் உப்பைத் தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் 5 முதல் 6 கிராம் நிற்கும். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் கேடிகோ (KDIGO) என்ற அனைத்துலக வழிகாட்டியின் 2024 பதிப்பும் அதையே சொல்கிறது. மலேசியர்கள் சாப்பிடுவதோ நாளுக்கு சராசரி 7.9 கிராம் உப்பு.

உப்பே சேர்க்காத உணவிலும் கொஞ்சம் சோடியம் இயற்கையாக உண்டு. ஒரு முட்டையில் சுமார் 70 மில்லிகிராம், 100 கிராம் கோழி இறைச்சியில் 70 முதல் 80, ஒரு குவளைப் பாலில் 100க்கு மேல். காலையில் கடை ரொட்டி இரண்டு துண்டு தின்றால் அதில் சேர்த்த உப்பும் வந்துவிடும். இவையெல்லாம் கூடி 500ஐத் தொடும். மீதி 1,500. சமைத்த உணவு வழியாக அரைத் தேக்கரண்டி உப்பு அவர் பங்குக்குப் போனால் அதில் 1,000 முதல் 1,200 கழிந்துவிடுகிறது. எஞ்சும் 300 முதல் 500 மில்லிகிராமுக்குள்தான் அன்றைய போத்தல்கள் அத்தனையும் அடங்க வேண்டும்.

உப்புக் கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 15 மில்லிலிட்டரில், ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சில வகைகளில் ஆயிரத்துக்கும் மேல். மீன் சாஸ் அதே அளவில் 1,400ஐத் தொடும். சிப்பி சாஸ் 500 முதல் 900 வரை. சூப்புக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி உப்புதான். 10 கிராம் கட்டி ஒன்று கிட்டத்தட்ட 2,000 மில்லிகிராம், ஒருவருக்கு ஒரு முழு நாளைக்கான சோடியம். பத்து கிராம் பெலாச்சானில் 500 மில்லிகிராமை எட்டும், தாண்டவும் செய்யும். தக்காளி சாஸ் மேசைக்கரண்டிக்குச் சுமார் 150 என்பதால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அதை யாரும் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை.

சாஸ் விஷயத்தில் நம் நாக்கை நம்ப முடியாது. கெட்டிக் கிச்சாப்பிலும் மிளகாய் சாஸிலும் சர்க்கரை உப்பை மறைக்கிறது. ஊறுகாயில் புளிப்பு மறைக்கிறது. குழம்பில் உப்புக் கூடிவிட்டால் புளி கரைத்து ஊற்றுகிறோம், கொஞ்சம் வெல்லம் போடுகிறோம். கரிப்பு அடங்கும், ஆனால் சோடியம் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பதும் பாதிதான் சரி. கிழங்கு உறிஞ்சிய குழம்பின் அளவுக்கு உப்பு அதற்குள் இருக்கும், அந்தக் கிழங்கையும் நாம்தான் சாப்பிடுகிறோம். சிறுநீரக நோயாளிக்கு அதோடு கிழங்கின் பொட்டாசியமும் சேரும்.

அஜினமோட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் அதை அறவே நிறுத்திவிட்டு, உப்பையும் கட்டியையும் தாராளமாகப் போடுகிறவர்கள் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் அஜினமோட்டோவில் சோடியம் 12 விழுக்காடு, உப்பில் 39. அதை விட்டது நல்லதுதான், ஆனால் பெரிய கணக்கு உப்பிலும் கட்டியிலும் கிடக்கிறது. யாரும் கணக்கில் எடுக்காத இன்னொன்று சோடா மாவு (சமையல் சோடா): பலகாரத்தில் போடும் ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டு. அப்பளத்திலும் உப்போடு சோடா வகையான அப்பளக்காரம் சேர்ப்பதால் இரண்டு வழியாகச் சோடியம் வருகிறது.

வீட்டுச் சமையலில் மிகவும் பயன்படும் ஒரு முறையைச் சொல்கிறோம். காலையிலேயே அன்றைக்கான உப்பை ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்துவிட வேண்டும். தலைக்கு அரைத் தேக்கரண்டி; ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டரைத் தேக்கரண்டி, மூன்று வேளைக்கும் சேர்த்து. உப்பு டப்பா அலமாரிக்குள் போய்விட வேண்டும். அதன்பின் சட்டியில் ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப் ஊற்றினால், கிண்ணத்திலிருந்து அரைத் தேக்கரண்டி உப்பை எடுத்து டப்பாவில் திரும்பப் போடுங்கள். சூப்புக் கட்டி ஒன்று போட்டால் ஒரு தேக்கரண்டி. சிப்பி சாஸ் ஒரு மேசைக்கரண்டி என்றால் கால் முதல் அரை. இப்படிச் செய்தால் எந்தப் போத்தல் எவ்வளவு தின்கிறது என்பது சமைப்பவர் கண்ணுக்கே தெரியும். இரண்டு வாரம் செய்தவர்கள் கட்டியைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் கிண்ணத்தில் வேறெதற்கும் உப்பு மிஞ்சாது.

அளவு கரண்டி இதற்குக் கட்டாயம் வேண்டும். கேக் சாமான் விற்கும் கடைகளில் ஐந்து, பதினைந்து மில்லிலிட்டர் கரண்டிகள் கோத்த கொத்து மலிவாகக் கிடைக்கும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. கல்லுப்புப் பயன்படுத்துகிறவர்கள் கரண்டிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லுப்பில் இடைவெளி இருப்பதால் கரண்டிக்கு எடை குறையும். அதையே பொடித்தால் அதே கரண்டியில் கூடுதல் உப்பு நிற்கும். எடைதான் உண்மையான கணக்கு.

உப்பை எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். கொதிக்கும்போது போட்ட உப்பு இறைச்சிக்கும் காய்க்கும் உள்ளே போய்விடும். நாக்கில் படுவது கொஞ்சம்தான். அடுப்பை அணைத்தபின் போட்ட உப்பு மேலாக நின்று குறைந்த அளவிலேயே ருசி தரும். அதனால் நோயாளியின் பங்கை உப்பில்லாமல் முதலில் எடுத்து வைத்து, சாப்பிடும்போது அவருக்குரிய அளவை மேலே தூவுவது நல்லது. கிச்சாப்பில் ஊறவைப்பதை விட்டுவிட்டு, மஞ்சள், மிளகு, இஞ்சி, பூண்டு, கொஞ்சம் தயிர் தடவி ஊறவைத்துப் பொரித்து, ஒரு தேக்கரண்டி கிச்சாப்பைக் கடைசியில் மேலே தெளியுங்கள். வாசனை அப்படியே இருக்கும், சோடியம் 300ஓடு நிற்கும்.

கிச்சாப் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்களுக்கு: ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி கஸ்தூரி எலுமிச்சைச் சாறு, தட்டிய பூண்டு இரண்டு பல், நறுக்கிய சிலி பாடி (சிறிய காரமான மிளகாய்). இதில் பத்துத் தேக்கரண்டி வரும், தேக்கரண்டிக்கு 90 மில்லிகிராம். இது பல வீடுகளில் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் கலந்தது என்று தெரிந்ததும் மூன்று மடங்கு ஊற்றிக்கொள்கிறார்கள். கணக்கு பழைய இடத்துக்கே போய்விடுகிறது. சின்னத் தட்டில் இரண்டு தேக்கரண்டி அளந்து வைத்து, தொட்டுச் சாப்பிட வேண்டும். போத்தல் மேசைக்கு வரவே கூடாது.

சம்பலும் வீட்டிலேயே செய்யலாம். விதை நீக்கி ஊறவைத்த காய்ந்த மிளகாய் இருபது, சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு நான்கு பல், செராய் (எலுமிச்சைப் புல்) ஒரு தண்டு. அரைத்து, எண்ணெயில் பச்சை வாடை போகும்வரை வதக்கி இறக்கி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டியும் கால் தேக்கரண்டி உப்பும் சேர்த்தால் பன்னிரண்டு மேசைக்கரண்டி அளவு கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 50 மில்லிகிராம் சோடியம். பெலாச்சான் வாசனை கட்டாயம் வேண்டுமென்றால் 5 கிராம் எடுத்து வாணலியில் மணம் வரும்வரை வறுத்துப் போடுங்கள். வறுத்த பெலாச்சான் பாதி அளவிலேயே முழு மணம் தரும். ஆனால் கவனம்: கடைச் சம்பல் வெளியில் கெடாமல் இருப்பதற்கு அதில் உள்ள உப்பும் ஒரு காரணம். உப்பைக் குறைத்தால் அந்தக் காவலும் குறையும். பூண்டும் எண்ணெயும் சேர்ந்ததை வெளியில் வைப்பது ஆபத்து. ஆறியதும் குளிர்பெட்டிக்குள் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு கட்டி ஒரு வேளைக்கு.

நெத்திலியையும் கருவாட்டையும் சுடுநீரில் ஊறவைத்து, நீரைக் கொட்டி, மறுபடி கழுவினால் உப்பில் ஒரு பகுதி போகும். முழுவதும் போகாது. வாரத்தில் ஒரு வேளை, ருசிக்குச் சிறிதளவு என்று வைத்துக்கொள்ளலாம். மோர் மிளகாய்க்கும் இதேதான்.

இனி, உயிருக்கே ஆபத்தான விஷயம். "குறைந்த சோடியம்" என்று போட்ட உப்புப் பொட்டலங்கள் கடைகளில் கிடைக்கின்றன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோர்மீது அக்கறையோடு வாங்கி அனுப்புகிறார்கள். அவற்றில் பலவற்றில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. பொட்டலத்தில் "காலியம் குளோரிடா" என்று மலாயில் இருக்கும். பழுதுபட்ட சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் தவிக்கும். ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பு தடம் மாறும், நின்றும் போகலாம். தூய பொட்டாசியம் குளோரைடு கால் தேக்கரண்டியிலேயே 700 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் உண்டு. லோசார்ட்டான், பெரிண்டோபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் அவையும் பொட்டாசியத்தைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த மாற்று உப்பைப் பொதுவாகப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதிலிருந்து விலக்கித்தான் சொன்னது. உப்புக் குறைத்த கிச்சாப் சிலவற்றிலும் இதே பொருள் சேர்ந்திருக்கும். போத்தலின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இந்துப்பு சிறுநீரகத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் உண்மை இல்லை. இளஞ்சிவப்பாக இருந்தாலும் அதுவும் கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான். காசு மட்டும் கூடுதல்.

உப்பைக் குறைத்த நாக்கு புளிப்பைத் தேடும். எலுமிச்சை, கஸ்தூரி எலுமிச்சை, வினிகர் இவை போதும். கொல்லையில் காய்க்கிறதே என்று பெலிம்பிங் பழத்தையோ, குழம்பில் போடும் சிறிய பெலிம்பிங் பூலோவையோ சிறுநீரக நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது. இரண்டிலும் ஆக்சலேட் மிகுதி. நட்சத்திரப் பழம் என்னும் பெரிய பெலிம்பிங்கில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சு ஒன்றும் உண்டு. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்; பழுதுபட்டது வெளியேற்றாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரிழந்தவர்கள் உண்டு. ஆசாம் போய் போட்ட எலுமிச்சைத் தண்ணீரையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: அந்த உலர்ந்த பழம் உப்பில் ஊறியது.

போத்தல் லேபிளில் "நேட்ரியம்" (மலாயில் சோடியம்) அல்லது "சோடியம்" என்ற வரியைத் தேடுங்கள். 100 மில்லிலிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்றிருந்தால் ஒரு தேக்கரண்டிக்கு 300. ஒரு பரிமாறலுக்கு என்று போட்டிருந்தால், அந்தப் பரிமாறல் எத்தனை மில்லிலிட்டர் என்பதையும் பார்க்க வேண்டும். சிலவற்றில் 5, சிலவற்றில் 15. பொருள் பட்டியலில் "காராம்" (மலாயில் உப்பு) முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வந்தால் அந்தப் போத்தலை வைத்துவிடலாம். "ஃபோஸ்ஃபாட்" (பாஸ்பேட்) என்று வந்தாலும் தவிர்ப்பது நல்லது. கறித்தூள் பொட்டலங்கள் சிலவற்றிலும் உப்பு கலந்திருக்கும். மில்லில் அரைத்த வீட்டு மசாலாத்தூளில் அந்தக் கவலை இல்லை.

வெளியில் சாப்பிடும்போது குழம்புதான் எதிரி. மாமாக் கடையில் "குவா பஞ்சிர்" என்று சோற்றை மூழ்கடிக்கச் சொல்லாமல் "குவா ஆசிங்" (குழம்பு தனியாக) என்று கேளுங்கள். தனிக் கிண்ணத்தில் வந்ததில் இரண்டு மேசைக்கரண்டி போதும். மீ கோரெங் என்னும் பொரித்த மீயில் கிச்சாப், தக்காளி சாஸ், மிளகாய் சாஸ் மூன்றும் சேர்கின்றன. கரண்டியால் திருத்த முடியாத சாப்பாடு அது. தோசைக்குச் சாம்பாரைவிடப் புதிதாக அரைத்த சட்டினி மேல், கொஞ்சமாக. மேகி மீயைத் தவிர்க்க முடியாத நாளில், பொட்டலத்து மசாலாவில் கால் பங்கு மட்டும் போட்டு, முதல் நீரைக் கொட்டி, முட்டையும் வெங்காயத்தாளும் சேர்த்துச் சாப்பிடலாம். சூப்பைக் குடிக்கக் கூடாது.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு இதன் பலன் தராசிலேயே தெரியும். உடம்பு உப்பைத் தனியாக வைத்துக்கொள்ளாது. ஏறக்குறைய 9 கிராம் உப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் நீரின் கணக்கும் அதுதான். தண்ணீரைக் குறை, குறை என்று வீட்டில் திட்டுகிறோம். உப்புத் தின்றவருக்குத் தாகம் அடங்காது, அது மனவுறுதிக் குறைவல்ல. சாஸைக் குறைத்தால் தண்ணீர் தானே குறையும், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறும் எடை குறையும், இயந்திரத்தில் நீர் இழுக்கும்போது வரும் தசைப்பிடிப்பும் குறையும். டயாலிசிஸ் நிலைக்கு வராதவர்களுக்கு வேறொரு பலன்: ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரில் புரதம் போவதற்கும் கொடுக்கும் மாத்திரைகள் உப்பு மிகுந்த உடம்பில் சரியாக வேலை செய்வதில்லை. உப்பைக் குறைத்தால் அதே மாத்திரை நன்றாக வேலை செய்யும்.

அதனாலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீர் மாத்திரையும் அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறவர் திடீரென்று உப்பைக் குறைத்தால் அழுத்தம் தாழ்ந்து, எழும்போது தலை சுற்றலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், உணவை மாற்றியிருப்பதை மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீர் வழியாக உப்பை அதிகம் இழக்கும் சில வகைச் சிறுநீரக நோய்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. உங்களுக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யும் கணக்கு சரியா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. சிறுநீர் நன்றாகப் போகிறவர்களிடம் 24 மணிநேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோடியம் பார்ப்பார்கள். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை ஒரு சொட்டு விடாமல் போத்தலில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒருமுறை தவறினாலும் முடிவு பொய்யாகிவிடும். முடிவு 90 மில்லிமோலுக்கு அருகில் இருந்தால் நாளுக்கு 2,000 மில்லிகிராம் என்று பொருள். 150, 160 என்று வந்தால் எங்கோ ஒரு போத்தல் கணக்கில் வராமல் இருக்கிறது. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இந்தச் சோதனை தமக்குத் தேவையா என்று கேளுங்கள். கேட்கும்போது வீட்டில் உள்ள சாஸ் போத்தல்களின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். உணவியல் அதிகாரி ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.